செத்த நட்சத்திரத்தின் ஊர்வலம்

பதினோராயிரம் வருஷத்துக்கு முன்னால் வெடித்துச் செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் தோல், பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டே கால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே உவர்க்குளத்துக்குள் வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள், ஏனென்றால் உவர்க்குளத்துக்காரர்கள் எதுவானாலும் முதலில் வழியை விட்டுவிட்டுப் பிறகுதான் அது என்னவென்று விசாரிப்பார்கள். வெள்ளைக்காரன் வந்தபோதும் அப்படித்தான், உப்புக் கம்பெனி வந்தபோதும் அப்படித்தான்.

தரையில் தொடங்கி வானம் முடிகிற இடம்வரை அது எழும்பி நின்றது. பாலாடையைவிட மெல்லிசு, சங்கின் உட்புறத்து நிறம், ஓரமெல்லாம் பச்சை. மனிதர்களின் உடம்பு வழியாகவும் மாடுகளின் உடம்பு வழியாகவும் அது கடந்துபோனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, காது மடல் மட்டும் சூடாகி, ஒரு நாழிகைக்கெல்லாம் ஆறிவிட்டது. நெடுஞ்சாலையிலிருந்து பஸ் நிறுத்தம்வரை ஒரே மூச்சில் வந்த அந்தத் தோல், கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் கோழி மேய்கிற வேகத்துக்குக் குறைந்தது; குறைந்ததும் பேச ஆரம்பித்தது.

அதாவது, ஊர்தான் பேசியது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில், தெருவுக்கும் தெருவுக்கும் நடுவில், என்றோ யாரோ சொல்லிவிட்டுப் போட்டுவிட்டுப்போன வார்த்தைகள் உவர்க்குளத்தின் காற்றில் கலையாமல் கிடந்திருக்கின்றன. நட்சத்திரத் தோல் அவற்றையெல்லாம் வழித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. நெருக்கித் தள்ளியதில் அவை சூடேறின, சூடேறியதில் மினுங்கின, மினுங்கியவை காதில் விழுந்தன. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆட்டுக்காக அந்தோணிமுத்துவும் அவன் சகலையும் போட்ட சண்டை ரேஷன் கடை வாசலில் வார்த்தை மாறாமல் கேட்டது. கோயில்பிள்ளை பாதிரியார் கால் விரலை வாசற்படியில் இடித்துக்கொண்ட அன்று சொன்ன வார்த்தையும் கேட்டது. அந்த வார்த்தை பாதிரியாருக்குத் தெரியும் என்பதே அதுவரை ஊருக்குத் தெரியாது. செத்துப்போன ஒரு தாய், வெளியூரில் ஓட்டல் வைத்திருக்கும் ஐம்பது வயது மகனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சேதி கேட்டு அவன் டாக்ஸி பிடித்து வந்து, தோலுக்குப் பக்கத்திலேயே நடந்து, அந்தக் குரலை மூன்று தெருவுக்குக் கேட்டுக்கொண்டே போனான்.

முதல் நாள் ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. இரண்டாம் நாள் பழகிக்கொண்டது. மூன்றாம் நாள் அது இல்லாமல் எப்படி இத்தனை காலம் இருந்தோம் என்று பேசிக்கொண்டது. பெண்கள் அதன் பின்பக்கத்துச் சூட்டில் கருவாடு காயவைத்தார்கள். ஆளும் கட்சி, நட்சத்திரம் தங்கள் ஆட்சியில்தான் வந்தது என்று சுவரொட்டி ஒட்டியது. எதிர்க்கட்சி, வெடித்தது தங்கள் ஆட்சியில் என்று ஒட்டியது. தாலுகா அலுவலகத்திலிருந்து வந்த குமாஸ்தா, ஊர்வலம் போவதற்கு இதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதில் வராததால், அனுமதி உண்டு என்று எழுதிக்கொண்டு போனார். உழைக்கிறவன் பத்துப் பேராகச் சேர்ந்து நடந்தால் லத்தி வரும். செத்தவன் பெரிய இடத்து ஆளாக இருந்தால் வானத்தையே அடைத்துக்கொண்டு போகலாம். உலகத்தில் எந்தத் தாலுகாவிலும் இதுதான் நடைமுறை.

ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் அது பழகவில்லை. அவர் தவசிக்கனி. உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர், அறுபத்தெட்டு வயது, தோளில் சிவப்புத் துண்டு. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு; மிச்சப் படிப்பெல்லாம் இருபது பைசா, ஐம்பது பைசாப் பிரசுரங்களில். முணுமுணுத்தாலும் மூன்று பாத்தி தள்ளிக் கேட்கிற குரல் அவருக்கு. அந்தக் குரலை வைத்துத்தான் முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் நடந்த நாற்பத்தேழு நாள் வேலைநிறுத்தத்தை அவர் ஜெயித்தார்; அப்படித்தான் ஊர் சொன்னது, அவரும் சொன்னார், ஒவ்வொரு சித்திரையிலும் உப்பு அம்பாரம் குவிக்கிற தட்டுமேட்டில் ஏறி நின்று சொன்னார்: நாற்பத்தேழாம் நாள் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினான், முந்நூறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள், "இந்த உப்பில் கரிப்பது எங்கள் வேர்வை, எங்களை எழுப்ப உனக்கு அதிகாரம் இல்லை" என்று முழங்கினேன், அத்தனை பேரும் ஒரே ஆளாகத் தரையில் உட்கார்ந்தார்கள், அவன் கை நடுங்கிக் கையெழுத்துப் போட்டான். அந்த வாக்கியம் பிரசுரமாக அச்சாகியிருக்கிறது. தாலாட்டுக்குப் பதிலாக அதைச் சொல்லிப் பிள்ளைகளைத் தூங்கவைத்த வீடுகள் உண்டு. பிள்ளைகள் தூங்கவும் செய்தன.

அந்த வாக்கியத்தைத் தவசிக்கனி எழுதியது வேலைநிறுத்தம் முடிந்து ஒன்பதாம் நாள், வீட்டில், காப்பி குடித்துக்கொண்டு.

நாற்பத்தேழாம் நாள் தட்டுமேட்டில் நடந்தது வேறு. ஜீப்பைப் பார்த்ததும் அவர் கடல் பக்கம் திரும்பி, துண்டால் வாயைப் பொத்தி, "போதும். இனி என்னால ஆவாது. வேலைக்குப் போயிருவோம்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, துண்டிடம் சொன்னார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது, எல்லோரும் உட்கார்ந்தார்கள், அவரும் உட்கார்ந்தார். யார் சொன்னது, என்ன சொன்னது என்று அவர் விசாரிக்கவே இல்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் அல்லவா.

ஆகவே இப்போது, கடைத்தெருவை முடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நகர்கிற அந்தத் தோலுக்கும், உப்புப் பாத்திகளின் கடைசியில் இருக்கிற தட்டுமேட்டுக்கும் நடுவே இரண்டு மைல்தான் இருந்தது. முப்பத்துநாலு வருஷத்துப் பேர், அதற்கு இரண்டு மைல் ஆயுள்.

வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில் பெனடிக்டா டீச்சர் கரும்பலகை இல்லாமலேயே பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். உயர்நிலைப்பள்ளி விஞ்ஞான டீச்சர். நாலு நாளாகப் பள்ளிக்கூடமே தெருவில்தான் நடந்தது.

"ஒரு பெரிய நட்சத்திரம் வெடிச்சா அதோட மேல்தோல் நாலு பக்கமும் ஓடும். நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல வெறும் எடம்னு நெனச்சிராதீங்க. அங்க ரொம்ப லேசா வாயு கெடக்கு, தூசி கெடக்கு. தோல் அதையெல்லாம் வழிச்சுத் தள்ளிக்கிட்டே போவும். தள்ளத் தள்ள முன்னால பாரம் சேரும். பாரம் சேரச் சேர வேகம் கொறையும்."

"வாருபலகை மாதிரின்னு சொல்லுங்க டீச்சர்," என்றாள் சந்தனமாரி. பதினாலு வயதிலிருந்து பாத்தியில் உப்பு வாரியவள். அறுபது வயதிலும் வாருபலகையைத் தோளிலிருந்து இறக்காதவள். "தொடக்கத்துல பலக பறக்கும். பாதிப் பாத்தி வந்ததும் முன்னால உப்பு குமிஞ்சுரும், நாமதான் பலகைக்குப் பின்னால கெடந்து முக்குவோம்."

"அதேதான் மாரிக்கா. இத்தன வருஷமா நான் புத்தகத்தப் பாத்துச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

தவசிக்கனி கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். "அத நிப்பாட்டுறதுக்கு வழி உண்டா?"

"நிப்பாட்டணுமா? எதுக்கு சார்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

"எதிர்ல நல்லா அடர்த்தியா ஏதாவது இருந்துச்சுன்னா அதுல மோதி அப்படியே நின்னுரும் சார். வானத்துலயும் அப்படித்தான், பெரிய வாயு மேகம் எதிர்ப்பட்டா தோல் அங்க தேங்கிரும். ஆனா சார்..."

தவசிக்கனி எழுந்து போய்விட்டார். அடுத்தவர் பேச்சை முடிவுவரை கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. நாற்பது வருஷம் மேடையில் நின்றவர்களுக்கு அந்தப் பழக்கம் வருவதில்லை. கூட்டம் கூட்டினால் எதுவும் நிற்கும் என்பது அவர் அறிந்த ஒரே விஞ்ஞானம். லாரியை நிறுத்தியிருக்கிறார், ரயிலை நிறுத்தியிருக்கிறார். ஒரு மந்திரியின் காரை முக்கால் மணி நேரம் நிறுத்தியிருக்கிறார். இது வெறும் தோல்.

மத்தியானத்துக்குள் சங்கத்தின் தகரக் குழாய் ஒலிபெருக்கி சைக்கிளில் ஏறித் தெருத்தெருவாகப் போனது. "நமது இரத்தம் சிந்திய தட்டுமேட்டை எவனோ ஒரு செத்த நட்சத்திரம் அத்துமீறிக் கடப்பதை அனுமதியோம்! நாளை காலை அனைவரும் திரள்வீர்!" சிந்தியது இரத்தம் இல்லை, தண்ணீர்ப் பானைதான் ஒன்று உடைந்தது என்று பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டாலும், ஒருவரும் வராமல் இருக்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் நானூறு பேர் வேலைக்குப் போகாமல் தட்டுமேட்டில் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தடுப்பதற்காக வந்தவர்கள் நாலு பேர் இருக்கலாம். மற்றவர்கள் தலைவரின் அந்தப் பெரிய முழக்கத்தை நேரடியாகவே கேட்டுவிட வேண்டும் என்று, தூக்குச்சட்டியில் சோறும் துவையலும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, அந்த எடம் வந்ததும் சொல்லுங்க," என்றான் அந்தோணிமுத்து. "எங்க மாமியாவுக்குக் காது மந்தம். கிட்டக் கொண்டுபோயி உக்காத்தணும்."

"கேக்க வரல, தடுக்க வந்திருக்கோம்," என்றார் தவசிக்கனி.

"தடுப்போம், தடுப்போம். கேட்டுட்டுத் தடுப்போம்."

பெனடிக்டா டீச்சர் வரப்பு மேல் ஓடிவந்தாள். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் குடை.

"சார், நேத்து பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டீங்க! முழுசாக் கேக்காம என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"என்னம்மா?"

"எடம் காலியாக் கெடந்தா அது வேகமா ஓடிரும் சார், வெளிச்சமும் வராது சத்தமும் வராது. இந்தப் பாத்தியெல்லாம் பாருங்க, வெட்டவெளி. ஆளே இல்லேன்னா ஒரு நொடியில தட்டுமேட்டக் கடந்து கடலுக்குப் போயிருக்கும், ஒரு வார்த்த கேட்டிருக்காது. அடர்த்தியா இருக்குற எடத்துலதான் அது முட்டி நிக்கும். நின்னாத்தான் நெருக்கும், நெருக்குனாத்தான் சூடேறும், அங்கதான் பளீர்னு எரியும். வானத்துலயும் மேகத்துல மோதுற பக்கந்தான் ரொம்பப் பிரகாசமாத் தெரியும். நீங்க நானூறு பேரக் கொண்டாந்து மேகமாக் குவிச்சு வச்சிருக்கீங்க!"

தவசிக்கனி மேற்கே பார்த்தார். கடைசி வீட்டைத் தாண்டிய தோல், பாத்திகளின் வெட்டவெளியைக் கண்டதும் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி பாய்ந்து வந்துகொண்டிருந்தது. டீச்சர் சொன்னது போலவே சத்தமில்லை, நிறம்கூட வெளுத்துவிட்டது. இன்னும் அரை மைல்.

அவர் தட்டுமேட்டின் உச்சியில் ஏறினார், இரண்டு கையையும் உயர்த்தினார். நாற்பது வருஷமாகப் போலீஸ் வாயிலிருந்து மட்டுமே கேட்டிருந்த வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்தன.

"எல்லாரும் கலைந்து செல்லுங்கள்! உடனடியாகக் கலைந்து செல்லுங்கள்!"

நானூறு பேரும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று முப்பத்துநாலு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். முன்னைவிட அடர்த்தியானார்கள்.

"தலைவரு நம்மளச் சோதிக்காரு," என்றாள் சந்தனமாரி. "அசையாதீங்கட்டி."

தோல் வந்து மோதியது.

மோதிய இடத்தில் நின்றது. பாத்தியில் உப்பு பூக்கிறபோது மேலே ஏடு கட்டுமே, அதுபோல நானூறு தலைகளுக்கு மேலும் அது விறைத்துச் சுருங்கி, நரம்பு நரம்பாகவும் இழை இழையாகவும் பிரிந்து, சிவப்பும் பச்சையுமாகக் கொதித்து எரிந்தது. அத்தனை வெளிச்சத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. பின்னால் இருந்த உப்பு அம்பாரங்கள் எல்லாம் உள்ளே விளக்கு வைத்தது மாதிரி ஆயின. ஏடு கட்டினால் கலைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு அடியில் இறங்காது. அந்தக் கை வழக்கத்தில் சந்தனமாரி, யோசிக்காமலேயே, வாருபலகையைத் தூக்கித் தலைக்கு மேலே ஒரு துழாவு துழாவினாள். ஏடு உடைந்தது. முப்பத்துநாலு வருஷத்துப் பழைய காலை ஒன்று பொலபொலவென்று எல்லோர் மேலும் உதிர்ந்தது.

முதலில் ஜீப் வருகிற சத்தம். பிறகு ஒரு குழந்தை அழுகிற சத்தம். பிறகு, அறிமுகப்படுத்தத் தேவையே இல்லாத ஒரு குரல், துண்டால் பொத்தியும் மூன்று பாத்திக்குக் கேட்கிற குரல்:

"போதும். இனி என்னால ஆவாது. வேலைக்குப் போயிருவோம்."

நானூறு பேரும் தவசிக்கனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது. எல்லோரும் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள்.

ஆனால் உதிர்வது நிற்கவில்லை. "போதும்ப்பா" என்றது ஒரு குரல், அது அந்தோணிமுத்துவின் அப்பா. "ஆமா, போதும்" என்றது இன்னொன்று. "வீட்டுல அரிசி இல்ல, போயிருவோம்." "நாளையிலேருந்து போயிருவோம்." "யாராவது மொதல்ல எந்திரிச்சாத் தேவல, நான் ரெண்டாவது எந்திரிப்பேன்." முந்நூறு பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், மற்றவர்களுக்குக் கேட்டுவிடக்கூடாதென்று முந்தானைக்குள்ளும் உள்ளங்கைக்குள்ளும் சொல்லியிருந்த அத்தனை போதும்களும் மழை மாதிரி கொட்டின. உயிரோடு இருந்தவர்கள் தங்கள் குரலைக் கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். செத்தவர்களின் பிள்ளைகள் அவர்களுக்காகக் கடித்துக்கொண்டார்கள்.

கடைசியாக அந்தப் பெண் குரல் வந்தது. தவசிக்கனி முப்பத்துநாலு வருஷமாக விசாரிக்காமல் வைத்திருந்த குரல். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தான் திருடிய முழக்கம் எவ்வளவு பெரியது என்பது இதோ தெரிந்துவிடும்.

"ஏட்டி, கொஞ்சம் உக்காருங்கட்டி. காலு வெடிச்சு உயிரு போவுது. ஜீப்பு வந்தா வரட்டும், உக்காந்துக்கிட்டே பாப்போம்."

அவ்வளவுதான். பிறகு முந்நூறு பேர் தரையில் உட்காருகிற சத்தம். பிறகு ஒரு மேனேஜர் எச்சில் விழுங்குகிற சத்தம்.

எல்லோரும் சந்தனமாரியைப் பார்த்தார்கள். அவள் வாருபலகையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஞாபகமே இல்லியே," என்றாள். "காலு வலிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு. அது இன்னிக்கும்தான் வலிக்கி." அப்புறம் தவசிக்கனி பக்கம் திரும்பி, வேலைநிறுத்தக் காலத்துப் பழைய குறும்போடு கேட்டாள். "அண்ணாச்சி, மொதல்ல ஒரு ஆம்பளக் கொரல் கேட்டுச்சே, அது யாருது? கூட்டத்துல யாருன்னு புடிபடல."

தப்பிக்க அவள் திறந்துவிட்ட வாசல் அது. முந்நூறு போதும்களில் ஒரு போதும். யாருடையதென்று யார் கேட்கப்போகிறார்கள்? தவசிக்கனி அந்த வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கர்வக்காரர். தன் குரலை இன்னொருத்தன் குரல் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

"என் கொரல்தான்," என்றார். "இந்த ஜில்லாவுல வேற எவனுக்கு இருக்கு அப்படி ஒரு கொரல்?"

முதலில் அந்தோணிமுத்துவின் மாமியார் சிரித்தாள், காது மந்தமான அவளுக்கே கேட்டிருந்தது. பிறகு தட்டுமேடு முழுக்கச் சிரித்தது. "வேர்வ எங்க அண்ணாச்சி, வேர்வ? துண்டுல தொடச்சிட்டீயளா?" என்று ஒருவன் கேட்டான். தவசிக்கனிக்கு முகம் சிவந்தது, காது மடல் சுட்டது. அது நட்சத்திரத்தால் என்று அவர் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார்.

உடைந்த தோல் இழைகள் கூட்டத்தைக் கடந்து கடலுக்கு மேலே போயின. வழித்துத் தள்ளி வந்த பாரம் எல்லாம் உதிர்ந்துவிட்டது, தள்ளுகிற வேகமும் தீர்ந்துவிட்டது. அவை குளிர்ந்து, நிறம் மங்கி, கரை ஓரத்துப் புகைமூட்டத்தோடு கலந்தன. எதுவரை நட்சத்திரம், எதிலிருந்து உவர்க்குளத்துக் காற்று என்று டீச்சராலும் கோடு போட முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே ஊர் தூக்குச்சட்டிகளைத் திறந்து சாப்பிட்டது. எழுந்திருக்க ஒருவருக்கும் அவசரம் இல்லை.

அப்போதுதான் புது மேனேஜர் ஜீப்பில் வந்தார். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, டை கட்டியிருந்தார். காலையிலிருந்து ஒரு ஆளும் பாத்தியில் இறங்கவில்லை என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் இறங்கியதும் கண்டது, தட்டுமேட்டில் நானூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, வாயில் சோற்றை மென்றுகொண்டு தன்னையே பார்ப்பதை. கோஷம் இல்லை, கொடி இல்லை. இப்படிப்பட்ட போராட்டத்தைப் பற்றி அவர் படித்த நிர்வாகப் படிப்பில் ஒரு பாடமும் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

"என்ன... உங்க கோரிக்கை என்ன?"

கோரிக்கை என்று எதுவும் யாரிடமும் இல்லை. நானூறு பேரும் இந்த முறை மரியாதை பார்க்காமல் தவசிக்கனியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் முழங்கால் முறிகிற சத்தத்தோடு எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், தொண்டையைச் செருமினார். வேர்வை வாக்கியம் வரப்போகிறது என்று இரண்டு பேர் அதற்குள் உதட்டை அசைக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

"காலு வலிக்கி சார்," என்றார் தவசிக்கனி.

மேனேஜர் அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கிற தந்திரத்தைக் கொஞ்ச நேரம் தேடினார். கிடைக்காததால் இன்னும் பயந்தார்.

"அத... எழுதிக்கலாமா?"

"எழுதுங்க."

எழுதினார். அதற்குள் சந்தனமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, உப்பு ஏறிப் பிளந்து கிடந்த தன் வலது பாதத்தைத் தூக்கி ஜீப்பின் படியில் வைத்தாள். "பேனாவ மூடுங்க தம்பி," என்றாள். "மொதல்ல குனிஞ்சு இதப் பாருங்க. பொறவு எழுதலாம்."